மழை நாளில் மட்டும் நேரான கோடு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கால் நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வந்தவர்கள் ஓடிப்போய் அணைத்துவிட்டு வாருங்கள். ஒரு படகோட்டியின் கதை சொல்லப் போகிறேன். அதில் ஒரு ரேடியோ வரும், ஒரு தையல் மெஷின் வரும், ஆற்றங்கரையில் நின்றுகொண்டு யாருக்கும் தெரியாமல் கத்திக்கொண்டிருந்த ஒரு மின்கம்பம் வரும். இதில் யாரும் சாக மாட்டார்கள். பயமில்லாமல் கேளுங்கள்.

கப்பல்கள் உள்ளே வந்து போகும் அளவுக்கு ஆழமான ஆறு அது. ஆழம் இன்றைக்கு இருப்பது போல நாளைக்கு இருக்காது. மணல் இங்கே சேரும், அங்கே கரையும். அதனால் துறைமுக ஆபீசில் ஓர் அளவைப் படகு வைத்திருந்தார்கள். அந்தப் படகு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும் அங்கிருந்து இங்கேயும் போய்ப்போய் வரும். போகும் வழியெல்லாம் அடியிலுள்ள கருவி ஆழத்தைக் குறித்துக்கொண்டே வரும். நோட்டில் கோடு போட்டது போல, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஐந்தே மீட்டர். கோடு வளைந்தால் நடுவில் ஓர் இடம் அளக்காமல் விட்டுப்போகும். விட்டுப்போன இடத்தில்தான் மணல்மேடு உட்கார்ந்திருக்கும், கப்பல் போய்த் தட்டி நிற்கும்.

நம் கதைக்காரி அந்தப் படகின் சுக்கானைப் பிடித்தவள். அதற்கு முன் ஒன்பது வருஷம் அதே துறையில், அக்கரைக்குப் போகும் படகுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூண்டு போல ஒரு அறை, கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்கு வெளியே ஆறு. ஒன்பது வருஷம் ஓட்டை வழியாகவே ஆற்றைப் பார்த்தவள், படித்துப் பரீட்சை எழுதி, ஓட்டுநர் உரிமம் வாங்கி, ஒருநாள் ஆற்றின் நடுவில் போய் நின்றாள். ஆறு மாதம் பார்ப்பார்கள், சரியாக ஓட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் கூண்டு. ஐந்து மாதம் முடிந்துவிட்டது. ஒரு மாதம் மிச்சம். அவள் கோடுகளோ பாம்பு மாதிரி நெளிந்துகொண்டிருந்தன.

ஏன் நெளிந்தன என்று சொல்ல வேண்டுமானால், படகுக்குத் தன் இடம் எப்படித் தெரிகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் சொல்லும். ஆனால் உத்தேசமாகத்தான் சொல்லும், இரண்டு மூன்று மீட்டர் அங்கே இங்கே பிசகும். அதைத் திருத்துவதற்கென்றே கடலோரத்தில், வெகு தூரத்தில், ஒரு நிலையம் இருந்தது. நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் நிலையம். தான் நிற்கும் இடம் அதற்கு அங்குலம் தவறாமல் தெரியும். செயற்கைக்கோள்கள் அதற்கும் இடம் சொல்லும். ‘நான் இங்கே நிற்கிறேன், நீங்கள் என்னை இரண்டு மீட்டர் கிழக்கே வைத்துப் பேசுகிறீர்களே’ என்று அது கணக்குப் பார்த்து, அந்தப் பிழையை ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். படகிலுள்ள கருவி அதைக் கேட்டுத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இதைத்தான் திருத்தச் சமிக்ஞை என்பார்கள். அது காதில் விழுந்தால் கருவியில் பச்சை விளக்கு. விழாவிட்டால் மஞ்சள்.

ஆறு குறுகி வளையும் இடம் ஒன்று உண்டு. அங்கே போனதும் விளக்கு மஞ்சளாகும். திரையில் படகின் புள்ளி சட்டென்று இரண்டு மீட்டர் குதிக்கும். ‘ஐயோ, விலகிவிட்டேனே’ என்று அவள் சுக்கானைத் திருப்புவாள். திருப்பி முடிப்பதற்குள் பச்சை வரும், புள்ளி பழைய இடத்துக்குக் குதிக்கும். மறுபடியும் திருப்புவாள். கோடு நெளியாமல் என்ன செய்யும்?

படகில் கயிறு பிடிக்கும் கயிற்றண்ணன் அவளைச் சும்மா விடமாட்டார். “தங்கச்சி, நேத்து போட்டது பாம்பு. இன்னிக்கு போட்டது ஜிலேபி. நாளைக்கு என்ன, முறுக்கா?”

“உங்களுக்குச் சாப்பாட்டு நெனப்புதான் அண்ணே.”

“பின்ன? கோட்ட பாத்தா பசிக்குதே.”

அளவைப் பிரிவின் பொறியாளர் அம்மாள் ஜிலேபி என்றெல்லாம் சொல்கிறவர் இல்லை. கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. அச்சிட்ட வரைபடத்தை மேஜையில் விரித்து, வளைவின் மேல் பேனாவை வைத்தார்.

“இங்க மட்டும் ஏம்மா இப்படி?”

“மேடம், அங்க போனா விளக்கு மஞ்சளாகுது.”

“அதைத்தான் போன மாசமே சொன்னீங்க. மெக்கானிக்க வரவச்சேன். ரெண்டு நாள் படகிலேயே உக்காந்து பாத்தார். வளைவுலயும் பாத்தார். ஒரு தடவைகூட மஞ்சள் வரல. கருவி நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டார்.”

“நான் பொய் சொல்லல மேடம்.”

“பொய்னு நான் சொல்லல. வளைவுல நீரோட்டம் ஜாஸ்தி. கை பதறுது. புதுசா ஓட்டறவங்களுக்கு வர்றதுதான். மூணு வாரம் இருக்கு, பாருங்க.”

கை பதறுகிறதாம். வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அது பாட்டுக்குச் சும்மாதான் இருந்தது.

அவள் வீடும் அந்த வளைவுக்குப் பக்கத்தில்தான். மூன்று பேர் இருந்த வீடு. புருஷன் மின்சார வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். உயரத்தில் நிற்கும்போது தைரியசாலி, தரையில் பெண்டாட்டி முகம் வாடினால் உடனே ஆட்டம் கண்டுவிடுவான். மூன்றாவது ஆள் மாமனார். அவருக்கு உலகத்தில் இரண்டே சொத்து. ஒன்று மூக்குக்கண்ணாடி. இன்னொன்று பழைய ரேடியோ. சாயங்காலம் ஐந்து மணிக்கு அதைத் திருப்பினால் செய்தி, வானிலை, பழைய பாட்டு என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஓடும். ஆனால் நாலைந்து மாதமாக அதில் பாட்டைவிடக் கரகரப்புதான் அதிகம் கேட்டது.

அவர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். தையல் மெஷின்.

“மோட்டார் வச்ச மெஷின் அது. அதான் ரேடியோவ அரைக்குது. நீ புது வேலைக்குப் போன வாரம் அத முன்னறைக்கு மாத்தினியே, அன்னிக்குப் புடிச்ச சனி.”

“மாமா, நான் இப்ப தைக்கவே இல்லையே!”

“ப்ளக்கு சொருகியிருக்கில்ல?”

அவள் ப்ளக்கைப் பிடுங்கினாள். கரகரப்பு நிற்கவில்லை. “சூடு ஆறணும்” என்றார் மாமனார். அவள் மெஷினைப் பின்னறைக்குத் தள்ளி மூடி போட்டாள். ஓட்டுநர் இருக்கைக்குத் தைத்துக்கொண்டிருந்த மெத்தை உறை பாதியில் நின்றது. எப்படியும் அந்த இருக்கையில் இன்னும் எத்தனை நாளோ, யார் கண்டார்கள்.

“அப்பா, மெஷின் மேல பழி போடாதீங்க, ரேடியோவுக்கு வயசாச்சு” என்றான் புருஷன்.

“எனக்கும்தான் வயசாச்சு. நான் கரகரன்னா பேசறேன்?”

மகனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 

அப்புறம் ஒருநாள் விடிகாலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. நனைந்த சட்டையோடு அவள் படகை வளைவுக்குள் கொண்டுபோனாள். விளக்கைப் பார்த்தாள், பச்சை. திரும்பி வந்தாள், பச்சை. பதினெட்டுக் கோடு போட்டாள். பதினெட்டும் அளவுகோல் வைத்து இழுத்தது மாதிரி வந்தன. முகத்தில் மழை அடிக்கிறது, எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியவில்லை, நீரோட்டம் வழக்கத்தைவிட வேகம். கை பதறுகிறவளாக இருந்தால் அன்றைக்கல்லவா பதறியிருக்க வேண்டும்?

“என்ன தங்கச்சி, இன்னிக்கு இடியாப்பம் கிடியாப்பம் ஒண்ணும் கிடையாதா?” என்று கயிற்றண்ணன் ஏமாந்த மாதிரி கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். “அண்ணே, மெக்கானிக் வந்தாரே, அந்த ரெண்டு நாளும் எப்படி இருந்துச்சு?”

“எப்படின்னா? நசநசன்னு ரெண்டு நாளும் ஒரே மழை. அவருக்குக் குடை பிடிச்சே என் தோளு போச்சு.”

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்தாள். முன்னறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கரகரப்பு இல்லை. பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, மெஷின மூடி வச்சதும் சரியாப் போச்சு!”

“மாமா, அது மூடி மூணு நாளாச்சு. நேத்துகூட கரகரன்னுதானே இருந்துச்சு?”

தாளம் நின்றது.

“ஒரு நிமிஷம் இருங்க.” ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் மெஷினை முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். ப்ளக்கைச் சொருகினாள். மெத்தை உறையை ஊசிக்கடியில் வைத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஓட்டினாள். பாட்டின் அடியில் மெல்லியதாக ஒரு முனகல் வந்தது. அவ்வளவுதான்.

“மாமா, நீங்க சொன்ன சத்தம் இதுவா?”

கிழவர் காதை ரேடியோவில் வைத்துக் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். “இது இல்லம்மா. இது கொசு. அது கடலை வறுக்கிற மாதிரி சத்தம்.”

“மழை பெஞ்ச நாளெல்லாம் பாட்டு நல்லாக் கேட்டுச்சா? ஞாபகப்படுத்திப் பாருங்க.”

அவர் விரல் விட்டு எண்ணினார். கச்சேரி வைத்த அன்று நன்றாக இருந்தது, அன்று மழை. பந்தாட்ட வர்ணனை அன்று ஒரு சொல் புரியவில்லை, அன்று நல்ல வெயில். எண்ணிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, மருமகளைப் பார்த்தார்.

“ஏம்மா, ரேடியோவுக்கும் உன் படகுக்கும் ஒரே நோயா?”

அதைத்தான் அவளும் நினைத்தாள். திருத்தச் சமிக்ஞை வருவதும் ரேடியோவில்தான், இந்த ரேடியோ பாடும் அலைவரிசைக்குக் கொஞ்சம் கீழே. வெகு தூரத்திலிருந்து மெல்லிய குரலில் வருவது. பக்கத்தில் எதுவோ கடலை வறுத்தால் படகின் காதில் அது எப்படி விழும்?

புருஷன் வேலை முடிந்து வந்து சேர்ந்தான். அவள் சொன்னதைக் கேட்டான். சாப்பிட உட்கார்ந்தவன் கை அப்படியே தட்டில் நின்றது.

“வெயில்ல சத்தம், மழையில இல்ல... அப்படின்னா அது எங்க ஆளுங்க சமாச்சாரம்” என்றான். “கம்பத்து மேல எங்கயோ இரும்பும் இரும்பும் ஒட்டாம, விலகாம, மயிரிழையில நிக்குது. நடுவுல பொறி தாவிக்கிட்டே இருக்கும். அந்தப் பொறி போடற சத்தம்தான் ரேடியோவுல வரும். மழை பெஞ்சா ஈரம் போய் அந்த இடைவெளிய அடைச்சிடும். பொறி நின்னுடும்.”

“மழை பெஞ்சா கரெண்டு தகராறு அதிகமாகும்னுதானே எல்லாரும் நெனைப்போம்?”

“எல்லாரும் நெனைக்கறது வேற தகராறு. இது வெயில்காயற தகராறு.”

வெயில் திரும்பி, அவளுக்கு வார விடுமுறையும் வந்தது. மூன்று பேரும் ஆற்றங்கரையில் இறங்கினார்கள். ரேடியோவை மாமனார் யாரிடமும் கொடுக்கவில்லை. கைக்குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வானொலி நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் ரேடியோ முள்ளை வைத்து, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தார்கள். கரையோரமாகக் கம்பங்கள் வரிசையாக வந்து, வளைவில் ஆற்றைத் தாண்டிப் போயின. ஒரு கம்பத்தருகே சத்தம் ஏறும், இரண்டு கம்பங்களுக்கு நடுவே இறங்கும், அடுத்ததில் இன்னும் ஏறும். வேலிக்குப் பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “என்ன பெரியவரே, ரேடியோவுக்குக் காத்து வாங்கித் தர்றீங்களா?” என்று கேட்டார்.

“வைத்தியம் பாக்கறோம்” என்றார் மாமனார், நிற்காமல்.

வளைவில், கம்பி ஆற்றைத் தாண்டும் இடத்தில் நின்ற கம்பத்தடியில் ரேடியோ பேயாகக் கத்தியது. மாமனார் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைத் தள்ளிப் பிடித்தார். தாண்டி அடுத்த கம்பத்துக்குப் போனார்கள், குறைந்தது. திரும்பி வந்தார்கள், மறுபடியும் கத்தியது.

“இதுதான்!” என்று அவள் கைதட்டினாள். புருஷன் கம்பத்தின் உச்சியைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான், கடைசியாகத் தன் செருப்பைப் பார்த்தான்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. நாளைக்கு லைன ஆஃப் பண்ணி ஏறிப் பாக்கறேன்.”

மறுநாள் முறைப்படி மின்சாரத்தை நிறுத்தினார்கள். நிறுத்திய அந்தக் கணமே, கீழே நின்ற மாமனாரின் ரேடியோ கத்துவதை விட்டுவிட்டு, ‘...தென்கிழக்கிலிருந்து மிதமான காற்று வீசக்கூடும்’ என்று அமைதியாகச் சொன்னது. கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் மேலே ஏறினான். குறுக்குச் சட்டத்தில், கம்பியைப் பிடிக்கும் பீங்கானைத் தாங்கும் போல்ட்டின் நட்டைத் தொட்டான். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலாலேயே சுழன்றது. சுற்றியிருந்த இரும்பில் கறுப்பாகப் பொறி தின்ற தடம். தேய்த்துச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, தோள் வலிக்க இறுக்கிவிட்டு இறங்கினான்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பினாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

“நட்டு இறுக்காம விட்டது யாருன்னு தெரியுமா?”

“யாரா இருந்தா என்ன, சரியாயிடுச்சில்ல.”

“நான்தான்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ மொதல் நாள் படகு எடுத்தியே, அன்னிக்கு அந்தக் கம்பத்துலதான் எனக்கு வேலை. பீங்கான மாத்திட்டு நட்டை விரலால போட்டேன். ஸ்பேனர எடுக்கப் போறேன், வளைவுல உன் படகு வருது. தொப்பிய கழட்டி ஆட்டினேன். நீ...”

“நான் ஹார்ன் அடிச்சேன்.”

“ரெண்டு தடவை.”

“அடிக்கக் கூடாது அங்க. கயிற்றண்ணன் திட்டினாரு.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் என்ன, எறங்கிட்டேன். நட்டை இறுக்கினதாவே நெனப்பு. அஞ்சு மாசமா உன் கோடுகளையெல்லாம் நான்தான் வளைச்சிருக்கேன்.” அவன் குரல் இறங்கியது. “உன் வேலையே போயிருக்கும்.”

உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். “ரேடியோவும்தான்! அதையும் சேத்துச் சொல்லுடா!”

அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். காய்ப்பு ஏறிய கை. “இந்தக் கைதான் தொப்பிய ஆட்டுச்சா?”

“ஆமா.”

“அப்ப அதுக்கு மன்னிப்பு உண்டு. போய்க் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.”

ஆனால் அவனுக்கு அது போதவில்லை. தன் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். இன்ன தேதியில் இன்ன கம்பத்தில் நான் செய்த வேலையில் நட்டு சரியாக இறுக்கப்படவில்லை, இப்போது சரிசெய்தேன் என்று. அவள் தடுத்துப் பார்த்தாள். பதிவேட்டில் ஒரு கறுப்புப் புள்ளி விழுமே என்றாள். “விழட்டும். உங்க மேடம் மேஜையில இருக்கற படத்துல எத்தனை வளைவு! என் பேர்ல ஒரு புள்ளி இருந்தா என்ன?” என்றான். அதன் நகல் ஒன்று பொறியாளர் அம்மாளின் மேஜைக்கும் போனது.

அந்த அம்மாள் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு நேரே படகுத்துறைக்கு வந்து, நல்ல வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், படகில் ஏறி உட்கார்ந்தார். “வளைவுக்குப் போங்க” என்றார்.

போனார்கள். கயிற்றண்ணன் விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். கம்பி தலைக்கு மேலே போனது. விளக்கு பச்சை. அக்கரை வரை பச்சை. திரும்பும்போதும் பச்சை. பன்னிரண்டு கோடு ஆனதும் பொறியாளர் அம்மாள் திரையிலிருந்து நிமிர்ந்தார்.

“மெக்கானிக் வந்தப்ப மழைன்னு எனக்குத் தோணவே இல்லம்மா. நானும் குடை பிடிச்சுக்கிட்டுத்தான் ஆபீசுக்கு வந்திருப்பேன்.”

“யாருக்குமே தோணல மேடம்.”

“உங்களுக்குத் தோணிச்சே. நாளையிலேருந்து வளைவு முழுக்க மறுபடியும் அளந்துடுங்க. முடிக்க ஒன்றரை மாசம் ஆகும்.”

“எனக்கு இன்னும் ரெண்டு வாரம்தானே மேடம் இருக்கு?”

“உங்க வேலை நிரந்தரம்னு இன்னிக்குக் காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன்.” அம்மாள் எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் தட்டிப் பார்த்தார். “இருக்கைக்கு ஒரு உறை போடக் கூடாதா? முதுகு போகுதே.”

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் மெஷினை முன்னறையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மாமனாரின் பாட்டு நேரம்தான்.  மெஷின் ஓடும்போது பாட்டின் அடியில் அந்தக் கொசு முனகியது. அவருக்குக் கேட்டது. அவள் ஒரு பக்கம் தைத்து முடித்து நிமிர்ந்து, “தொந்தரவா மாமா?” என்றாள்.

“என்ன தொந்தரவு? எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ தை” என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்காத சமயம் ரேடியோவின் காதைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகி வைத்துக்கொண்டார்.

இப்போதும் அந்த வளைவில் அவன் கம்பத்தின் மேல் இருக்கும்போது படகு வந்தால், அவள் ஹார்ன் அடிப்பதில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைப்பாள். அவன் முதலில் நட்டை இறுக்குவான், இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பான், அப்புறம்தான் ஸ்பேனரைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவான். கயிற்றண்ணன் அக்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். படகு நேராகப் போகும்.

சரி, எழுந்திருங்கள் கண்ணுகளா, நேரமாயிற்று. உங்கள் வீட்டில் உள்ள நட்டெல்லாம் இறுகியே இருக்கட்டும். வெளியே போகிறவர்களுக்கு விளக்கு பச்சையாகவே எரியட்டும். இரைச்சல் யாருடையது என்று தெரியும் முன் யார் மேலும் பழி விழாமல் இருக்கட்டும். மெல்லப் பேசுகிறவர்களின் குரல் உங்கள் வீட்டில் எல்லார் காதிலும் விழட்டும். தூரத்தில் போகிறவர்களைப் பார்த்துக் கையசைக்க உங்கள் வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.